ஓ-வுக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி

2004 ஆகஸ்ட் 18, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். ஐந்து இருபதுக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. ஏழு குடம் பிடித்தேன். ரசம், பீன்ஸ் பொரியல். எட்டு ஐந்துக்குப் பேருந்து. எட்டு நாற்பதுக்குக் கல்லூரி வாசலில் பதிவேட்டில் கையெழுத்து. நாட்குறிப்பில் அன்றைய காலை இவ்வளவுதான்.

பதினெட்டு நாள் விடுப்புக்குப் பின் வாட்ச்மேன் அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். அவர் மகள் பிரசவத்தில் இறந்துபோனது எங்கள் எல்லோருக்கும் தெரியும். குழந்தை பிழைத்திருந்தது.

"குழந்தை எப்படி இருக்குதுண்ணா?" என்று கேட்டேன்.

"இருக்குதும்மா. புட்டிப்பால்தான்." பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே சொன்னார்: "உங்க லிஸ்டையும் பாத்தோம்மா. ரத்தம் போய்க்கினே இருக்குது, ஆஸ்பத்திரில ஸ்டாக் இல்ல, ஓ பாசிடிவ் ஆளு ரெண்டு பேரைக் கூட்டியாங்கன்றாங்க. மாப்ள பிரவுசிங் சென்டருக்கு ஓடினாரு. ஒருத்தரும் இல்லன்னு வந்துதாம். அப்பறம் மெட்ராஸுக்கு இட்டுக்கினு போனோம். வழில சுங்குவார்சத்திரம் தாண்டல."

நான் பேனாவை மூடிப் பையில் வைத்தேன்.

"இவ்ளோ பெரிய ஊர்ல ஒரு பயலுக்குப் பேர் குடுக்க மனசு வரல பாருங்க" என்றார்.

அந்தப் பட்டியல் நான் செய்தது. கல்லூரியில் கணினிக்கூடப் பயிற்றுநர் வேலை எனக்கு. ரத்தம் கொடுக்க முன்வந்தவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஓர் இணையப் பக்கத்தில் சேர்த்து வைத்திருந்தேன். எட்டு ரத்தப் பிரிவுகளுக்கு எட்டு இணைப்புகள். ஒன்றைச் சொடுக்கினால் அந்தப் பிரிவினர் மட்டும் வருவார்கள். பக்கத்தின் முகவரியைச் சீட்டில் எழுதி வாட்ச்மேனிடம் கொடுத்ததும் நான்தான்.

கணினிக்கூடத்தைத் திறந்து ஓ பாசிடிவ் இணைப்பைச் சொடுக்கினேன். யாரும் இல்லை என்று வந்தது. மூலக் கோப்பைத் திறந்து எண்ணினேன். நாற்பத்தொரு பேர். இரண்டு பேர் எங்கள் கல்லூரியிலேயே வேலை செய்பவர்கள். ஒருவர் வீடு அந்த மருத்துவமனைக்கு எதிர்த் தெரு.

இணைப்பின் முகவரியை நிரலே உருவாக்கும். பிரிவின் பெயரை O+, B- என்று கடைசியில் ஒட்டும். அங்கே கூட்டல் குறி இருந்தால் மறுமுனைக் கணினி அதை வெற்றிடம் என்று படிக்கும். குறியாகவே போய்ச் சேர வேண்டுமானால் %2B என்று மாற்றி அனுப்ப வேண்டும். நான் மாற்றவில்லை. ஓ என்ற எழுத்தும் ஒரு வெற்றிடமும் போய்ச் சேர்ந்தன. அப்படி ஒரு ரத்தம் யாருக்கும் இல்லை.

கழித்தல் குறிக்கு இந்தத் தொல்லை கிடையாது. என் ரத்தம் பி நெகடிவ். ஒருமுறை அது கிடைக்காமல் என் வீட்டார் அலைந்ததால்தான் பக்கத்தையே தொடங்கினேன். சரிபார்த்த அன்று நெகடிவ் இணைப்புகள் நான்கையும் சொடுக்கினேன். பாசிடிவ் எங்கும் கிடைப்பதுதானே என்று மற்ற நான்கை விட்டுவிட்டேன்.

நிரலில் ஒரே ஒரு சொல் சேர்த்தேன். எட்டையும் சொடுக்கினேன். எட்டும் வந்தன.

ரத்தம் கிடைத்திருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பாளா என்பது எனக்குத் தெரியாது. மாலை வாசலைக் கடந்தபோது வாட்ச்மேனிடம் எதுவும் சொல்லவில்லை. வீட்டில், இணையப் பக்கம் தொடங்கிய நாளின் நாட்குறிப்பைத் தேடி எடுத்தேன். "இணைப்புகள் சரி" என்று என் கையெழுத்தில் இருந்தது. ஆகஸ்ட் 18-இன் குறிப்பில், "வாசலில் வேறு ஆட்கள் இருந்ததால் சொல்லவில்லை" என்று எழுதினேன். பிறகு அதை அடித்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக ஏழரைக்கே வாசலுக்குப் போனேன். அவர் மட்டும் இருந்தார். கூட்டல் குறியைப் பற்றிப் பேசவில்லை. ஊரார் பெயர் கொடுத்திருந்தார்கள், என் பிழையால் அது காட்டவில்லை என்று மட்டும் சொன்னேன்.

"எத்தினி பேரு?"

"நாப்பத்தொண்ணு."

"இப்ப காட்டுதா?"

"காட்டுது. நேத்து சரி பண்ணிட்டேன்."

"அதுக்கு எவ்ளோ நேரம் ஆச்சும்மா?"

"ரெண்டு நிமிஷம்."

அவர் பதிவேட்டைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். ஏழு முப்பத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.