நான் சீவிக் கொடுத்த இளநீர்

உரும்பிராயில் எங்கள் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த என் கணவரைப் புடையன் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். மூன்றாம் நாள் கால் வீக்கம் வற்றியதும், வைத்தியர் மறிக்க மறிக்கக் கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். வெங்காயம் கிண்டி எடுக்கும் நாள் நெருங்கியிருந்தது.

மறுநாள் காலை சிறுநீர் கழிக்கப் போய்வந்து, "சலம் சரியாப் போகுதில்லையப்பா" என்றார்.

"அது மருந்துச் சூடு. இளநீர் குடியுங்கோ, போகும்" என்றேன்.

கிணற்றடித் தென்னையில் பிடுங்கி நாளுக்கு மூன்று இளநீர் சீவிக் கொடுத்தேன். வேண்டாம் என்றபோதும் பக்கத்தில் நின்று குடிக்க வைத்தேன். இரண்டு நாளில் முகம் ஊதி, மூச்சு வாங்கத் தொடங்கியது.

திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். இரத்தச் சோதனையைப் பார்த்த வைத்தியர், "என்னம்மா குடுத்தனீங்கள்?" என்று கேட்டார். சொன்னேன்.

"விஷத்தாலை சிறுநீரகம் நிண்டுபோச்சு. இளநீரிலை உள்ள பொட்டாசியம் வெளியிலை போக வழியில்லை. இன்னும் பிந்தியிருந்தா இருதயமும் நிண்டிருக்கும்."

உயிர் தப்பினார், சிறுநீரகம் தேறவில்லை. வாரத்தில் இரண்டு நாள் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கிடக்கிறார். குடிக்கும் தண்ணீரைக்கூட நான் அளந்துதான் கொடுக்கிறேன்.

போன மாதம் அயலில் ஒருவர் பாம்புக்கடிக்கு மருந்தெடுத்து வீடு திரும்பினார். முன்பென்றால் இளநீரோடு பார்க்கப் போயிருப்பேன். இம்முறை வெறுங்கையோடு போனேன். விறாந்தை நிறைய ஆண்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே கேட்டேன்:

"அண்ணை, சலம் போகுதோ?"