மரை மாமாவின் முதல் கேள்வி

“யாரு உடைச்சது?” என்று கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்கத் தொடங்குகிறார். பதில் வரும்வரை துடைப்பார். எதிரே வண்டி வாயைப் பிளந்து நிற்கிறது. எஞ்சினுக்குள் ஒரு போல்ட் தலை போய் முண்டமாகச் சிக்கிக் கிடக்கிறது. வண்டிக்காரருக்கு வியர்க்கிறது. இவருக்கோ ஓர் அவசரமும் இல்லை. குற்றவாளி யாரென்று தெரியாமல் இவர் ஸ்பானரைத் தொட்டதாகச் சரித்திரம் கிடையாது.

“அதுவா உடைஞ்சிருச்சுங்க.”

எல்லா வண்டிக்காரர்களும் சொல்லிவைத்தாற்போல் இதையே சொல்கிறார்கள். “அதுவாவா? தூக்கத்துல புரண்டு படுத்துச்சோ?” என்பார் இவர், கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடி. கடைசியில் வண்டிக்காரர் ஈனக்குரலில் “நான்தான்” என்று ஒப்புக்கொள்வார். அவ்வளவுதான், முகம் மலர்ந்துவிடும். டீ வரும். வேலையும் நடக்கும்.

எடுத்த போல்ட்டைத் திருப்பித் தருவதில்லை. அது பட்டறை ஜன்னல் கட்டையில் வரிசையில் போய் நிற்கும். வருகிறவர்களுக்கெல்லாம் அறிமுகம் உண்டு. “இது பல் டாக்டரோடது. பல்லுன்னு நெனச்சுப் புடுங்கியிருக்காரு. இது பாட்டு டீச்சரோடது. சுருதி கூட்டுறேன்னு கூட்டிட்டாங்க.” போல்ட்டின் திருகு வரிகளுக்கு மரை என்று பெயர். அந்த மரைகளோடே வாழ்வதால் இவரை மரை மாமா என்கிறார்கள். இவர் தலை மறைந்ததும், நடுவில் ‘கழன்ற’ என்று ஒரு சொல்லைச் செருகிக்கொள்கிறார்கள்.

இவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. தான் முறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பார். “நாளைக்கு லூசா விட்டுட்டேன்னு ஒருத்தன் சொல்லக்கூடாது பாருங்க.” யாரும் அப்படிச் சொன்னதில்லை. சொல்லவும் வழியில்லை. இதற்கு மனைவியின் சாட்சியமே போதும்: “காப்பித்தூள் டப்பாவ இவரு மூடிட்டாருன்னா அன்னைக்கு வீட்டுல யாருக்கும் காப்பி கிடையாது.”

ஜன்னல் வரிசையில் மாப்பிள்ளையின் போல்ட்டும் நிற்கிறது. வேறு யாராக இருந்தாலும் சொந்தக்காரர் என்று விட்டிருப்பார்கள். நீதிமானுக்குச் சொந்தம் ஏது? மாப்பிள்ளையின் அப்பா அம்மா முதல்முறையாகப் பட்டறையைப் பார்க்க வந்த அன்று, “இது எங்க வீட்டு மாப்பிள்ளையோடது. இடது எது வலது எதுன்னு தெரியல, பாவம்” என்று வெகு பிரியமாக அறிமுகம் செய்து வைத்தார். மாப்பிள்ளை முறுக்கு என்பது ஸ்பானருக்கு அடங்குவதில்லை. அன்று அவர்களோடு போன மாப்பிள்ளை அப்புறம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மகளும் வரவில்லை. மனைவி இரண்டு பேருக்கும் சேர்த்து இவரிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போன வாரம் மகள் போன் செய்தாள். செடி விற்கிற வேனில் தண்ணீர் பம்ப் ஒழுகுகிறது. அதைக் கழற்றும்போது போல்ட் உடைந்துவிட்டது. வேறெங்கும் எடுக்க முடியவில்லை. “கொண்டு வர்றோம். ஆனா அவருகிட்ட அந்தக் கேள்விய மட்டும் கேட்டீங்க, இனிமே உங்க வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்ப்பா.”

“கேக்கல. நான் ஏம்மா கேக்கப்போறேன்?” என்றார். நாய் வாலை நிமிர்த்துகிறேன் என்று அந்த நாயே வாக்குக் கொடுத்த மாதிரி.

கயிறு கட்டி இழுத்து வந்து வேனை நிறுத்தினார்கள். வேறு வண்டிகளுக்காகக் காத்திருந்த இரண்டு டிரைவர்கள் வேடிக்கை பார்க்க நெருங்கினார்கள். மாமா குனிந்து எஞ்சினைப் பார்த்தார். நிமிர்ந்தார். கை தானாகக் கண்ணாடிக்குப் போனது. வாய் அதற்கு முன்னாலேயே போய்விட்டது.

“யாரு உடைச்சது?”

மகள் கார்க் கதவைப் போல வாயை இறுக்கிப் பூட்டிக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பினாள். மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து உடைந்த போல்ட்டின் தலையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

அதன் நெற்றியில் மஞ்சள் கோடு.

மாமாவுக்கு நினைவு வந்துவிட்டது. இவர்கள் வரத்து நிற்பதற்கு முன், அந்த வேனுக்குப் பம்ப் மாற்றியவர் அவரேதான். மகள் ஏறிப் போகிற வண்டியாயிற்றே என்று, இறுகிய பிறகும் ஸ்பானரில் குழாயைச் செருகி ஒரு சுற்று கூடுதலாக முறுக்கியதும் அவர்தான். பாசத்தில் அப்போதே பாதி முறிந்த போல்ட், மாப்பிள்ளை தொட்டதும் தலையைக் கொடுத்திருக்கிறது.

“கேட்டீங்கல்லப்பா?” என்றாள் மகள், வாசலிலேயே நின்று. “யாரு உடைச்சதுன்னு நீங்களே சொல்லுங்க.”

டிரைவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். மாமா கண்ணாடியைத் துடைத்தார். துடைக்க இனி அழுக்கு இல்லை என்ற நிலையிலும் துடைத்தார்.

“பழைய போல்ட்டும்மா,” என்றார். “அது… அதுவா உடைஞ்சிருக்கும்.”

டிரைவர்களில் ஒருவருக்கு இருமல் வந்தது. மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்து, மரியாதைக்காக அதை மீசைக்குள் ஒளித்துக்கொண்டார். மகள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கி ஸ்டூலில் வைத்தாள்.

அன்றைக்கு டீகூடச் சொல்லாமல் வேலையைத் தொடங்கினார் மாமா. முண்டத்தைச் சுற்றிச் சூடு காட்டினார். மெழுகுவத்தியைத் தேய்த்து, அது உருகி மரைக்குள் இறங்கும்வரை காத்திருந்தார். நட்ட நடுவில் பொட்டுக் குத்தித் துளை போட்டு, இடப்பக்கம் சுற்றினால் கடித்துப் பிடிக்கிற கம்பியைச் செருகி, கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று கெஞ்சி அசைத்தார். வாயால் யாரிடமும் இப்படிக் கெஞ்சிப் பழக்கமில்லாத மனிதர். கடைசியில் அது முனகிக்கொண்டே வெளியே வந்தது. வேலை தெரிந்தவர்தான், அதில் சந்தேகமில்லை.

புதுப் போல்ட்டைக் கையால் திருகி நிறுத்தியதும், ஸ்பானரின் கைப்பிடியை மாப்பிள்ளை பக்கம் நீட்டினார். “நீங்களே முறுக்குங்க மாப்ள. உங்களுக்குத்தான் அளவு தெரியுது.”

மாப்பிள்ளை முறுக்கி முடித்தார். “இன்னும் ஒரு சுத்து” என்பது மாமாவின் தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போனது.

எல்லாரும் வீட்டுக்குள் காப்பிக்குப் போன பிறகு, மாமா ஜன்னல் கட்டைக்கு வந்தார். பல் டாக்டரைச் சற்றுத் தள்ளி, மாப்பிள்ளையின் போல்ட்டை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, அந்த இடத்தில் உடைந்த தலையை வைத்தார். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு ஒற்றை விரலால், மஞ்சள் கோடு சுவரைப் பார்க்கும்படி, அதை மெல்லத் திருப்பி வைத்தார்.