கொக்கியில் மாட்டிய பயண அட்டை

பக்கத்து மேசையில் வேலைபார்த்த பாய், தம் கணினித் திரைக்கு மேலே சுவரில் ஒரு கொக்கி ஒட்டியிருந்தார். ஜாலான் புசாரில் இருந்த எங்கள் சிறிய அலுவலகத்தில், தரவுத்தளத்தின் வரலாற்றுப் பதிவை நிறுத்துகிறவர் தம் ரயில் பயண அட்டையை அதில் மாட்டிவிட வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த வழக்கம். பாலர் பள்ளிகளுக்காகப் பிள்ளைகளின் விவரங்களைக் காக்கும் மென்பொருள் எங்களுடையது. ஒரு விவரத்தைத் திருத்தினால், பழையது தானாகவே வரலாற்று அட்டவணைக்குப் போய்விடும். சில மாற்றங்களுக்கு மட்டும் அந்த ஏற்பாட்டைக் கொஞ்ச நேரம் நிறுத்தவேண்டி வரும். அந்த இடைவெளியில் யாராவது எதையாவது திருத்தினால், முன்பு என்ன இருந்தது என்பதற்குத் தடயமே இருக்காது. “ஹிஸ்டரிய ஆன் பண்ணாம வீட்டுக்குப் போக முடியாது சிஸ். நடந்து போறதா இருந்தா உங்க இஷ்டம்,” என்பார்.

பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்பிய மாதம், ஒவ்வாமைக்கான நெடுவரிசை இனிக் காலியாக இருக்கக் கூடாது என்று மாற்றும் வேலை வந்தது. வரலாற்றில் இருந்த பழைய காலியிடங்களையும் நிரப்ப வேண்டும். ‘இல்லை’ என்று நானாக எழுத மனம் வரவில்லை. எந்தத் தாய் என்ன சொல்ல மறந்தாளோ. ‘தெரிவிக்கப்படவில்லை’ என்று நிரப்பத் தொடங்கினேன். பாதியில் புக்கிட் மேராவிலிருந்து அழைப்பு. அங்கே குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் என் மகளுக்குக் காய்ச்சல். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ரயில் நிலைய வாயிலில் பைக்குள் கையை விட்டபோதுதான் அட்டை இல்லை என்று தெரிந்தது. வரலாறும் நின்றுபோய்க் கிடந்தது. அங்கிருந்தே பாயைக் கைபேசியில் அழைத்தேன்.

“பாய், ஹிஸ்டரி...”

“உங்க கார்டு தொங்குது, ஆளக் காணோம். மிச்சத்த முடிச்சு ஆன் பண்ணிட்டேன்.”

“நடுவுல யாராச்சும் மாத்தியிருந்தா?”

“யாரும் மாத்தல. பார்த்துட்டேன்.”

“இன்னொரு தடவ பாருங்களேன்.”

“பார்த்தாச்சு லா. டாக்சி எடுங்க. பிள்ள காத்துக்கிட்டு இருக்கும்.”

மறுநாள் காலை என் மேசையில் அட்டையும், அதன் அடியில் ஒரு தாளும் இருந்தன. வரலாறு நின்றிருந்த அந்தச் சில நிமிடங்களில் எந்த விவரமும் மாறவில்லை என்பதைக் காட்டும் அச்சுப்பிரதி. “நீங்க நம்ப மாட்டீங்கன்னு தெரியும்,” என்றவர், அதற்குப் பிறகுதான் காய்ச்சலைப் பற்றிக் கேட்டார். குறைந்துவிட்டது என்றேன். அந்தத் தாளை அன்று எத்தனை முறை படித்தேனோ.

பாய் இப்போது ஜூரோங்கில் வேறு வேலையில் இருக்கிறார். கொக்கியை விட்டுச் சென்றிருக்கிறார். இன்று இன்னொரு நெடுவரிசையை மாற்றினேன். வரலாறு ஓடுகிறதா என்று மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் அட்டையை எடுத்தேன். மாலையில் ரயில் வாயிலில் அதைத் தட்டினேன். கதவு திறந்தது. மகளை அழைத்துவரப் போனேன்.