ஆசிட் டேங்குக்குக் காட்டிய கற்பூரம்

கெட்டியான சல்ஃப்யூரிக் ஆசிட் இரும்பு டேங்கில் வருஷக்கணக்கில் சாதுவாகக் கிடக்கும். தண்ணீர் கலந்தால்தான் வினை. நீர்த்த ஆசிட் இரும்பை அரிக்கும், ஹைட்ரஜன் கிளம்பும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஒரு பொறி போதும். இதையெல்லாம் படித்துப் பாஸ் பண்ணியவன் நான். படித்து என்ன கிழித்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளில் ரேணிகுண்டா ரோட்டில் ஒரு சின்ன சூப்பர் பாஸ்பேட் ஃபேக்டரி. பாறைப் பொடியில் ஆசிட் விட்டு உரம் செய்வோம். நான் ஷிஃப்ட் கெமிஸ்ட். சித்தூரில் பழைய மிஷன் சபைக் குடும்பம். ஃபிட்டர் முனுசாமி நாகலாபுரத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆயுத பூஜைக்கு அவர்தான் பூசாரி. எல்லா மெஷினையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, ஒவ்வொன்றுக்கும் கற்பூரம் காட்டுவார்.

முதல் வருஷம் குங்குமத் தட்டை நீட்டியபோது நான் வேண்டாமென்றேன். "சர்ச்சுக்காரருக்கு நம்ம சாமின்னா ஆவாது" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அது மனதை விட்டுப் போகவேயில்லை.

அடுத்த வருஷம் பூஜை சமயத்தில், வால்வு மாற்றுவதற்காக ஒரு டேங்கைக் காலி செய்து மேல்மூடியைத் திறந்து போட்டிருந்தோம். அடியில் ஒரு சாண் ஆசிட் மிச்சம். பூஜையன்று காலையில் ஏணி ஏறிப் பார்த்தேன். மூடியைச் சுற்றி ஈரம். உள்ளே உலை கொதிக்கிற மாதிரி சத்தம். இறங்கி முனுசாமியிடம் போனேன்.

"டேங்குக்குள்ள தண்ணி விட்டீங்களா?"

"ஆமா சார், நேத்தே ஓஸ் போட்டுக் கழுவிட்டேன். பூஜைக்கு அழுக்கா வெச்சிக்கினு இருக்க முடியுமா? நீங்க போய் சுண்டல் துன்னுங்க. பாய்லருக்குக் காட்டிட்டு டேங்குக்குத்தான் போறேன்."

கற்பூரம் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சுற்றிப் பத்துப் பேர் கைகூப்பி நின்றார்கள். சர்ச்சுக்காரன் பூஜையைத் தடுத்தான் என்பார்களே என்று பயம். மேனேஜர் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று ஆபீசுக்கு ஓடினேன். அவர் போனில் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். "கூர்ச்சோண்டி, பேசிட்டு வரேன்" என்று நாற்காலியைக் காட்டினார்.

நான் உட்கார்ந்தேன். என்னால் மன்னிக்க முடியாதது அதுதான். போனைப் பிடுங்கியிருக்க வேண்டும். உட்கார்ந்தேன்.

ஜன்னல் கண்ணாடி எல்லாம் உள்ளே வந்து விழுந்தது.

டேங்கின் மேல்தகடு சரக்குக் கொட்டகைக் கூரையில் கிடந்தது. ஏணி உச்சியில் தட்டோடு நின்ற முனுசாமி நெருப்பிலும் ஆசிட்டிலும் வெந்து, திருப்பதி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து செத்தார். அவர் மனைவி கன்னியம்மா வராந்தாவில் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாமே சார்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருப்பாரே. உங்க பேச்சைத் தட்டினதே இல்லியே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த வருஷமே வேறு ஃபேக்டரிக்குப் போய்விட்டேன். அங்கே இந்தக் கதை யாருக்கும் தெரியாது. அடுத்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. டேங்க் ஏணியை மறித்து நின்றேன். அதிகம் பழகாத ஃபிட்டர் ஒருவன் தட்டோடு வந்தான்.

"இங்கே நெருப்பு வேணாம்பா" என்றேன்.

"சரி சார்" என்றான். ஏணிக்கு ஒரு பூவை வைத்துவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விட்டான். யாரும் முகம்கூடச் சுளிக்கவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். அன்றைக்கு, அவன் பூ வைத்த அந்த ஏணியடியில் உட்கார்ந்து அழுதேன்.