நான் அழித்த சோதனை

பிழை இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தே மறைத்தேன்!

செங்கல்பட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் நானும் தேவகியும் ஆசிரியர்கள். உரைக்குள் ஒரு சொல்லைத் தேடும் வழிமுறைகளை இருவரும் வகைப்படுத்தினோம். சொல்லை முன்னிருந்து ஒப்பிடுவதா, பின்னிருந்தா? பொருந்தாவிட்டால் எவ்வளவு தூரம் தாவுவது? ஒவ்வொரு முடிவும் ஒரு கிளை. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு நிரல். எல்லாம் சேர்ந்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தும் மென்பொருள் தொகுப்பு. அது தேவகியின் கனவு.

தாவும் கிளையை எழுதியவன் நான். ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் சொற்களில் அது அளவுமீறித் தாவியது. கண்ணெதிரே இருக்கும் சொல்லையே சில இடங்களில் தவறவிட்டது. வீட்டில் நானே எழுதிப் பார்த்த சோதனை நிரல் அதைக் காட்டிக்கொடுத்தது. மறுநாள் வெளியீடு... சோதனையை அழித்துவிட்டேன். பிறகு திருத்தலாம் என்றா? இல்லை. வெட்கம்!

மாமல்லபுரம் சாலையில் ஒரு மருத்துவமனை, பழைய நோயாளிக் குறிப்புகளைத் தேட அத்தொகுப்பை எடுத்துக்கொண்டது. தேவகியின் கணவர் முருகனைக் காய்ச்சலோடு அங்கேதான் சேர்த்தார்கள். ஒரு மருந்து அவருக்கு ஆகாது. பழைய குறிப்பில் ‘படபடப்பு’ என்று எழுதியிருந்தது. அந்த மருந்தால் முன்பு படபடப்பு வந்ததா என்று அச்சொல்லைத் தேடினார்கள். அப்படி ஒன்றும் இல்லை என்றது என் நிரல்.

ஊசியோடு வந்த மருத்துவர் ஏனோ நின்று கேட்டிருக்கிறார்: “முன்னாடி இந்த மருந்து போட்டப்ப இன்னாவாச்சும் ஆச்சாம்மா?”

“அய்யோ, மூச்சே நின்னுடப் பாத்துச்சு டாக்டர்!” என்றாராம் தேவகி.

முகம் தெரியாத அந்த மருத்துவருக்கு இன்றும் மனத்துக்குள் கைகூப்புகிறேன்.

பிழையைத் தேவகியே கண்டுபிடித்துத் திருத்தினார். பிறகு என்னிடம் வந்து அழுதார். “எல்லாத்துக்கும் சோதனை எழுதறது என் வேல சார். இத எப்டி வுட்டேன்னே தெர்ல. என் தப்புதான்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா உங்களுக்கு?

“பரவால்ல, வுடுங்க.”

மன்னித்தேன்... நான்!

சென்ற மாதம் திருக்கழுக்குன்றத்தில் அவர்கள் மகளுக்குக் காதுகுத்து. தேவகிக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. முருகன் வந்து என் கையைப் பிடித்தார். “தாய்மாமனா நீங்கதான் சார் ஒக்காரணும். எங்களுக்கு வேற யாரு கீறாங்க?”

உட்கார்ந்தேன். ஊசி பட்டதும் குழந்தை வீறிட்டு என் சட்டையைப் பற்றிக்கொண்டது. எதிரே முருகன் உயிரோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார். என் நெஞ்சு நன்றியால் தளும்பியது. அது பொய்யில்லை, நம்புங்கள்.

தேவகி என் நெற்றியில் சந்தனம் வைத்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம்...

“சாப்ட வாங்க சார்” என்றார்.

எழுந்து போனேன்.