வெட்டிப் போட்ட காசு

வியாழக்கிழமைதோறும் அருப்புக்கோட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் எம்.ரெட்டியபட்டிக்குப் போவேன். வீடு வீடாகப் போய் ஆண்டவரைப் பற்றிச் சொல்வது சபையில் எனக்குக் கொடுத்திருக்கும் ஊழியம். திரும்பி வந்ததும் எங்கள் ஜெபக்குழுத் தலைவி, "இன்னைக்கு எத்தன பேருக்குச் சொன்னீக?" என்பார். "ரெண்டு பேரு சொன்னதக் கேட்டுட்டு வாரேன்" என்பேன். அவருக்கு எரிச்சல் வரும். வரட்டும். தன் பேச்சைக் கேட்க நாதியில்லாமல் கிடப்பவளிடம் போய் என் பேச்சைக் கேள் என்றால் எதற்குக் கேட்பாள்? பலசரக்குக் கடைக்காரர்கூட என்ன வேண்டும் என்று கேட்ட பிறகுதான் பொட்டலம் மடிக்கிறார்.

அந்த ஊரில் கொஞ்சம் பருத்திக்காடு வைத்திருக்கும் ஒருத்தி எனக்குப் பழக்கம். எங்களை அங்கே வேதக்காரர் என்பார்கள். "வேதக்கார அக்கா வந்தாச்சு, காப்பியப் போடு" என்று மகளிடம் சொல்லிவிட்டு, மழை, பூச்சி மருந்து, மாமியார் என்று ஆரம்பிப்பாள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். போன கார்த்திகையில் ஒரு நாள், மகளைக் கடைக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, எங்க அண்ணன் மகள நான்தான் கொல்லுறேன்" என்றாள்.

மகள் பெரியவளானபோது சடங்கு வைத்திருக்கிறாள். தாய்மாமன் சீர் கொண்டு வர வேண்டும். மல்லாங்கிணற்றில் இருக்கும் அண்ணன் வரவே இல்லை. பந்தலில் அத்தனை சனத்துக்கு முன்னால், "எனக்கு அண்ணன் செத்துட்டான்" என்று கத்தியிருக்கிறாள். அதோடும் ஆத்திரம் அடங்கவில்லை. பரளச்சிப் பக்கத்தில் ஒரு கருப்பசாமி கோயிலுக்குப் போய்க் காசு வெட்டிப் போட்டுவிட்டாள். காசைக் கல்லில் வைத்து உளியால் இரண்டாக வெட்டிச் சாமி முன்னால் போட்டு, எதிரி இப்படிப் போகட்டும் என்று சொன்னால் அது பலிக்கும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. 'என் மகளுக்குச் செய்யாதவன் மக நல்லாயிருக்கக் கூடாது' என்று இவள் சொல்லியிருக்கிறாள். அடுத்த சித்திரையில் அண்ணனின் சின்ன மகளுக்கு வலிப்பு வரத் தொடங்கியதாகச் சொந்தக்காரர்கள் வந்து சொன்னார்கள்.

"அந்தச் சாபத்த ஒங்க சாமி எடுத்துருவாரா அக்கா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று ஒரு சொல் போதும், ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் வந்து உட்கார்ந்திருப்பாள். எனக்கும் நாக்கு துடிக்கத்தான் செய்தது. ஆனால் பயத்தைக் காட்டி ஆள் பிடிப்பது எனக்குப் பிடிக்காது. அதுவும் போக, அவள் இன்னும் பேசி முடித்திருக்கவில்லை.

"அத எடுக்க ஒங்க கோயில்லயே வழி இல்லையா தாயி?"

"இருக்கு. ரெண்டு பேரும் சேந்து வந்து நின்னாத்தான் முடியும்னு பூசாரி சொல்லுறாரு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எங்க அண்ணனக் கூப்பிட? ஒம் மகளுக்கு நான்தான் கேடு வச்சேன்னு சொல்லவா?"

சொல்லிவிட்டு அழுதாள். கருப்பசாமியைவிட அண்ணன் முகத்துக்குத்தான் அவள் பயந்திருக்கிறாள் என்று அப்போதுதான் விளங்கியது. அதன் பிறகே நான் வாயைத் திறந்தேன்.

"எங்க ஆண்டவரும் அதத்தான் சொல்லுறாரு தாயி. காணிக்கையோட வந்து நிக்கையில, கூடப்பொறந்தவனுக்கு ஒம் மேல வருத்தம் இருக்குன்னு நெனப்பு வந்தா, காணிக்கைய அங்கனயே வச்சிட்டுப் போ, மொதல்ல அவனோட சமாதானமாகு, பெறகு எங்கிட்ட வான்னு."

முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அப்படியா சொன்னாரு? அப்ப அவரும் அண்ணன் தம்பியோட பொறந்து வளந்தவராத்தான் இருக்கணும்."

அந்த வசனத்துக்கு எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஒருத்தரும் இப்படிச் சொன்னதில்லை.

"கெளம்பு, நானும் வாரேன்" என்றேன். "புள்ளைக்கு வலிப்பு மாத்திரைய மட்டும் நிறுத்தக் கூடாதுன்னு அண்ணன்கிட்டச் சொல்லணும். அது வேற, இது வேற."

நாங்கள் போய் இறங்கியபோது அண்ணன் வாசலில் மருந்தடிக்கும் மெஷினைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்தார், வா என்று சொல்லவில்லை. இவள் உட்காராமலேயே எல்லாவற்றையும் சொன்னாள். சடங்குப் பந்தலில் தொடங்கி, வெட்டிய காசு வரைக்கும். அவர் நிமிரவே இல்லை. அடித்துவிடுவாரோ என்று நான் அவளை ஒட்டிப் போய் நின்றுகொண்டேன்.

"ஒன் வீட்டுக்காரரு பைக்குல விழுந்து காலு ஒடிஞ்சு கெடந்தாருல்ல" என்றார் கடைசியில். "அன்னையில இருந்து நானும் ஒறங்கல. உசுரோட இருக்குறவனச் செத்துட்டான்னு சொன்னவ வீட்டுல ஒருத்தரும் நிமிந்து நடக்கக் கூடாதுன்னு, நானும் அதே கோயில்லதான் வெட்டிப் போட்டேன்."

அவள் போய் அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "அடப்பாவி. சீருக்கு ஏண்ணே வரல?"

"அந்த வருசம் காடு பூராம் காஞ்சு போச்சு. வெறுங்கையோட எப்படி வர?"

"வெறுங்கையோடயே வந்திருக்கலாம்ல" என்று அவர் தோளிலேயே சாய்ந்து அழுதாள். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்களே, அதைக் கண்ணாரப் பார்த்தேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை இருவரும் சேர்ந்து கோயிலுக்குப் போனார்கள். என்னையும் விடவில்லை. "நீங்க சாமி முன்னால நிக்க வேணாம், பக்கத்துல இருந்தாப் போதும்" என்றாள். நான் வெளியே கருவேல மரத்து நிழலில் நின்றேன். ஜெபக்குழுத் தலைவிக்குத் தெரிந்தால் ஒரு வாரம் ஓதுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் முதலில் வெளியே வந்தார். நேராக என்னிடம் வந்து நின்றார்.

"காசு வெட்டுனதுக்கு மன்னிப்புக் கேட்டாச்சு. ஆனா எந்தங்கச்சி வீடு நாசமாப் போகணும்னு நெனச்ச மனசு இன்னும் எங்கிட்டத்தான இருக்கு? அத என்ன செய்ய? ஒங்க சாமி அதுக்கு ஏதாச்சும் சொல்லியிருக்காரா? சொல்லுங்க, கேக்குறேன்."