குருட்டுக்கொக்குக்கு வெள்ளை அடித்தேன்

போன வருடம் தை மாதம். சின்ன காஞ்சிபுரத்தில் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துப் பட்டுப் புடவைகளுக்கு டிசைன் போடுவது என் வேலை. தென்னேரிப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சராக இருக்கும் என் தோழி, ஒருநாள் ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பள்ளியில் சத்துணவு சமைக்கும் அக்கா எழுதியது. ஏரிக்கரையில்தான் அவருக்கு வீடு. தினமும் காலையில் பார்த்த பறவைகளை, என்ன நிறம், என்ன தின்றது என்று தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். அதிலிருந்து பன்னிரண்டு பறவைகளை எடுத்து, வகுப்பறைச் சுவரில் ஒட்ட ஒரு போஸ்டர் செய்ய வேண்டும். கீழே 'பார்த்து எழுதியவர்' என்று அக்காவின் பெயர் வர வேண்டும்.

ஆசையாகத்தான் உட்கார்ந்தேன். குருட்டுக்கொக்கு வந்ததும் கை நின்றது. 'உட்கார்ந்தால் மண் நிறம், பறந்தால் வெள்ளை' என்று எழுதியிருந்தார். பாவம், இரண்டு பறவைகளைப் போட்டுக் குழப்பிக்கொண்டார் என்று நானே முடிவு செய்தேன். 'வெள்ளை நிறம்' என்று திருத்தி, ஒரு வெள்ளைக் கொக்கின் படத்தையும் வைத்து அச்சுக்கு அனுப்பிவிட்டேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவ்வளவு மேதாவித்தனம்!

போஸ்டர்களைக் கொடுக்க நானே பள்ளிக்குப் போனேன். அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு வரியாகப் படித்தார். கொக்கிடம் வந்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"நான் இப்படி எழுதலியேமா. எம்பேர மட்டும் எடுத்துடுமா. இங்க படிக்கிற புள்ளைங்க தெனம் அத்த பாத்துக்கினுதான் வருதுங்க. நான் பொய் எழுதிட்டேன்னு சிரிக்குங்க."

முதன்முதலாக அச்சில் வந்த தன் பெயரையே வேண்டாம் என்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருந்தாலும் விடாமல், "உட்காந்தா ஒண்ணு, பறந்தா ஒண்ணு எப்படிக்கா இருக்கும்?" என்று முனகினேன். அவர் கோபிக்கவில்லை.

"வாமா, காட்டறேன்" என்று ஏரிக்கரைக்கு அழைத்துப் போனார்.

கரையோரச் சேற்றைக் காட்டினார். எனக்குச் சேறுதான் தெரிந்தது. இரண்டடி எடுத்து வைத்தேன். அந்தச் சேறே எழுந்த மாதிரி ஒரு பறவை கிளம்பியது. சிறகை விரித்ததும் பளீரென்று வெள்ளை! சற்றுத் தள்ளி இறங்கிச் சிறகை மடக்கியது. மறுபடி மண் நிறம். என் முகத்தைப் பார்த்து அக்கா வாய்விட்டுச் சிரித்தார். வெட்கமாக இருந்தாலும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறுகிற மயில்கழுத்துப் புடவைக்கு டிசைன் போடுகிறவள் நான். ஒரு கொக்குக்கு இரண்டு நிறம் கிடையாது என்று தீர்ப்பு எழுதியிருக்கிறேன்!

அத்தனை போஸ்டர்களையும் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். புதியதில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று, பறக்கும் படம் ஒன்று, பக்கத்தில் அக்கா எழுதிய வரி ஓர் எழுத்துகூட மாறாமல். மறுவாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசி வரை படித்துவிட்டு, தன் பெயர்மேல் விரலை வைத்துக்கொண்டு, "இப்ப இருக்கட்டும்மா" என்றார்.

வீட்டுக்குள் உட்கார்ந்து நான் யோசித்ததைவிட, ஒருவர் கரையில் நின்று கண்ணால் பார்த்தது பெரிது என்பதை, அந்த "இருக்கட்டும்மா" இன்றைக்கும் எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.